நான் போட்ட கட்டைவிரல்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். என் சிநேகிதனும் சொல்தாதான். அந்த நாட்டுக் குளிரில் என்னென்ன பட்டானோ, அங்கே கத்தரிக்காய் ருசியே இல்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வான். நான் சுவருக்கு வெள்ளையடித்துப் பிழைத்தவன். நாற்பது வருஷமாகக் காலையில் ஒரே டீக்கடை, ஒரே பெஞ்சு. நானும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பேன். எழுத்து தெரியாது என்று அவனிடம் சொன்னதே இல்லை. வெட்கம். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள்.

எங்கள் தெருவுக்கு வாட்ஸ்அப்பில் குழு வைத்தார்கள். எழுத வராவிட்டால் பேசி அனுப்பலாம் என்று மருமகள் காட்டிக்கொடுத்தாள். அதிலிருந்து ஓயாமல் பேசி அனுப்புவேன். மழை தூறினால்கூட.

ஒருநாள், முனையில் குப்பை கொட்டாதீர்கள் என்று சிநேகிதன் குழுவில் பேசினான். நானும் பேசினேன்.

"சொல்தா உத்தரவு போட்டுட்டாரு. எல்லாரும் லெப்ட் ரைட் போட்டு வாங்கப்பா."

பெஞ்சில் சொல்லியிருந்தால் எழுந்து நின்று சல்யூட் அடித்திருப்பான்.

என் பேச்சுக்குக் கீழே வரி வரியாக எழுத்து வந்து விழுந்தது. எல்லோரும் ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரையும் விட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் போட்டேன்.

மறுநாள் அவன் டீக்கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவை மறைத்து நின்றாள்.

"ஏண்ணே, வெள்ளக்காரன் எச்சில் தின்னவனுக்கு வாய் எதுக்குன்னு ஒருத்தன் எழுதறான். அதுக்கு வெரல் போட்டிருக்கீங்க. கப்பலேறிப் போயிடுன்னு இன்னொருத்தன். அதுக்கும் போட்டிருக்கீங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "நாப்பது வருஷம் எம் பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சவரு சொல்றாரு, கேட்டுக்க."

"படம்தான்யா பாத்தேன். சத்தியமா."

அவன் மனைவி கதவைச் சாத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மருமகளை எல்லாவற்றையும் படிக்கச் சொன்னேன். பாதியில், "போதும் மாமா" என்று நிறுத்திவிட்டாள். எழுதியவர்கள் எல்லாம் தெரிந்த பிள்ளைகள். அவன் வெயிலில் நடந்து போனால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்கிறவர்கள். அன்றே குழுவில் பேசினேன்.

"அவன் மூஞ்சியப் பாத்து இதச் சொல்லுவீங்களா? எதுத்தாப்புல ஒக்காந்திருக்கான்னு நெனச்சு எழுதுங்கப்பா. ஆரம்பிச்சு வச்சது நான்தான். மன்னிச்சுடுய்யா."

நாலைந்து பேர் எழுதியதை அழித்துவிட்டார்களாம். ஆனால் அவன் அதற்கு முன்பே குழுவை விட்டுப் போயிருந்தான். நான் பேசியது அவன் காதுக்குப் போகவில்லை.

போன ஞாயிறு கோயில் பூசை முடிந்து எதிரே வந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்தேன். திருப்பவில்லை. நின்றான்.

"நல்லா இருக்கீங்களா?"

என்னை அவன் 'ங்க' போட்டுப் பேசியதே கிடையாது. வாடா என்றிருந்தால், திட்டியிருந்தால், கையையாவது பிடித்திருப்பேன்.

"இருக்கேங்க" என்றேன்.