பூவாளியை அலசிய தண்ணீர்

நான் தண்ணீர் ஊற்றப் போய்க்கொண்டிருந்த நர்சரி, ஐந்தருவி ரோட்டில் இருந்தது. எல்லாம் அழகுச் செடிகள், குரோட்டன்ஸ்தான் அதிகம். இந்தச் சாரல் சீசனுக்கு ஒரு மாதம் முன்னால் முதலாளி ஒரு டானிக் பாட்டிலோடு வந்தார்.

"ஆச்சி, இது வேலை செஞ்சா சீசனுக்குச் செடி தளதளன்னு நிக்கும். இல்லன்னா எடத்தைக் கார் நிறுத்த விட்டுருவேன். ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

வீட்டில் நான் ஒருத்திதான். இந்த வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்?

குரோட்டன்ஸை இரண்டு வரிசையாகப் பிரித்தார். சிவப்பு நூல் கட்டிய வரிசைக்கு டானிக், மற்றதற்கு வெறும் தண்ணீர். பூவாளிக்கு ஒரு மூடி என்று பாட்டிலில் போட்டிருந்தது. "ஒரு மூடி எங்கன காணும்? மூணா ஊத்துங்க" என்றார். ஊற்றினேன்.

மூன்று வாரத்தில் நூல் கட்டிய வரிசை ஓரம் கருகி இலை கொட்டியது. மற்றது புதுக் கொழுந்து விட்டு மினுமினுத்தது. களை எடுக்கிறவள் சிரித்தாள்.

"மருந்து குடிச்சவன் படுத்துட்டான். பச்சத்தண்ணி குடிச்சவன் மாப்பிள்ள மாதிரி நிக்கான். என்னத்த ஊத்துனிய ஆச்சி?"

முதலாளி சிரிக்கவில்லை. பாட்டிலைக் குப்பையில் எறிந்தார்.

அன்று சாயங்காலம் பால் பாத்திரத்தை அலசி, அந்தத் தண்ணீரையும் காப்பியில் விட்டேன். எப்போதும் செய்கிறதுதான். அப்போதுதான் பக்கென்றது. பூவாளியின் அடியில் டானிக் கொழகொழவென்று தங்கும். வீணாக்க மனம் வராமல் தினமும் அலசி, பக்கத்து வரிசைக்குத்தான் ஊற்றியிருக்கிறேன். டானிக் நல்லதுதான். மூன்று மூடிதான் கருக்கிவிட்டது.

இதை அவரிடம் எப்படிச் சொல்ல? அவர் எதிரில் "சரி" என்பதைத் தவிர நான் பேசியதே இல்லை. இரண்டு நாள் கிட்டே போய்ப் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் ஒருவர் டேப் பிடித்து இடத்தை அளந்துவிட்டுப் போனார். போய்ச் சொல்லிவிட்டேன்.

"மொதலாளி, நல்லா நிக்க வரிசைக்கும் டானிக் போயிருக்கு. பூவாளிய அலசி ஊத்திட்டேன். கொஞ்சமா ஊத்துனா நல்லாத்தான் இருக்கு. நாமதான் கூட ஊத்திட்டோம்."

"நீங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஒரு கொழுந்தைத் தொட்டுப் பார்த்தார்.

"முந்தாநாள் சொல்லப்படாதா ஆச்சி? நேத்துல்லா அவனுக்கு வாக்குக் குடுத்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். பூவாளியைப் பிடித்தபடி நின்றேன். திரும்பி வந்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள செடிய எடுக்கணுமாம்."

"சரி" என்றேன்.

அதற்குப் பிறகு மேலகரம் வரை நடந்து மூன்று நர்சரி வாசலில் நின்றுவிட்டேன். "என்ன செடி வேணும்?" என்று கேட்கிறார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிடுகிறேன். டப்பாவில் அரிசி இரண்டு நாளைக்குத்தான் வரும். நாளைக்காவது வேலை கேட்டுவிட வேண்டும்.