கைவண்டியில் கட்டிய பாய்மரம்

மகனின் மோட்டார் காரில் போகும்போது என் முக்காடு காற்றில் படபடத்தது. வாப்பா கட்டிய பாய்மரம் நினைவுக்கு வந்துவிட்டது.

முப்பது வருஷத்துக்கு முன்னால், 1906-ல், சிங்கப்பூரில் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாப்பா ஆற்றிலிருந்து கடலில் நிற்கும் கப்பல்களுக்குச் சரக்குப் படகு ஓட்டினார். காய்ச்சலில் கால்கள் தளர்ந்து, மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடந்த உம்மா ஒருநாள் கடலைப் பார்க்க ஆசைப்பட்டாள்.

"காருக்கு எண்ணெய் ஊத்தணும். காத்துக்கு என்ன ஊத்தணும்?" என்று வாப்பா ஒரு கைவண்டியில் மூங்கில் நட்டு, படகின் பழைய பாயைக் கட்டினார். அதில் உப்பு மணத்தது. உம்மாவையும் என்னையும் ஏற்றினார். கடற்கரைச் சாலையில் வண்டி தானாகவே ஓடியது! கைப்பிடியை விடாமல் வாப்பா பின்னாலேயே ஓடிவந்தார்.

திரும்பும்போது எதிர்க்காற்று. படகை வளைப்பதுபோல் வண்டியையும் இடமும் வலமுமாக வளைத்தார். கடலின் அகலம் சாலைக்கு ஏது? வண்டி சாக்கடையோரம் முட்டி நின்றது. வாப்பாவின் முகம் வாடிவிட்டது.

உம்மா பாயை அவிழ்க்கச் சொல்லி, வெயிலுக்குத் தலைமேல் போர்த்திக்கொண்டாள்.

"மெதுவாவே தள்ளுங்க மச்சான். சீக்கிரம் போனா வீடு வந்துரும்."

மகன் காரின் வேகத்தைக் கூட்டினான்.

"மெதுவாவே போ தம்பி," என்றேன்.