வெட்டக் கூடாத ஒட்டு

எல்லாரும் 'போன் அக்கா' என்று கூப்பிடுகிறவள், வீட்டில் போனை எடுத்தாலும் "வணக்கம், பிலிம் கழுவுற இடம்" என்றுதான் சொல்வாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "என் சட்டையையும் சேர்த்துக் கழுவித் தருவீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். தம்பியின் கம்பெனியில் அவளுக்கு இரண்டு வேலை. கழுவிக் காய்ந்த பிலிமை வெட்டிச் சுருளில் சுற்ற வேண்டும், போன் அடித்தால் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பது அவளுடைய அபார நம்பிக்கை.

அங்கே வருவதெல்லாம் விரல் அகலம்கூட இல்லாத சின்ன சினிமா பிலிம். குழந்தை தவழ்வதையும் நாய் குளிப்பதையும் எடுக்க வீடுகளில் வைத்திருந்தார்களே, அந்தச் சின்ன கேமராவில் போடுவது. இன்னும் அதை விடாமல் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அத்தனை பேரும் பிடிவாதக்காரர்கள். கண்ணாடி மாளிகை கட்டிய பெரிய கம்பெனி ஒன்றும் இதே வேலையைச் செய்கிறது. அங்கே போன் செய்தால் பாட்டு கேட்கலாம், பதில் கிடைக்காது. அக்கா பார்சல் வந்த அன்றே "பத்திரமா வந்துடுச்சு" என்று கூப்பிட்டுச் சொல்வாள். படம் இருட்டடித்திருந்தால், "முகம் ஒண்ணும் தெரியலை சார், ஆனா நிழல் அழகா விழுந்திருக்கு" என்று அதையும் மறைக்க மாட்டாள். கம்பெனியின் நல்ல பெயர் பாதிக்கு மேல் அவள் குரலில்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை தையல்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

"படம் ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். பாப்பா சைக்கிள் பழகுறது. நான் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறேன், வீட்டுல அவங்கதான் எடுத்தாங்க. கடைசியில கைய விட்டேன், அவ தனியாவே போனா. அது மட்டும் படத்துல இல்ல. பிலிம் அதுக்குள்ள தீர்ந்துடுச்சோ என்னமோ. நம்ம ராசி அப்படி."

பிலிம் தீரவில்லை என்று அக்காவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

இருட்டறையில் தம்பி எல்லாருடைய பிலிமையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரே நீளமாக மெஷினில் விடுவான். வெளியே வந்ததும் அக்கா ஒட்டு ஒட்டாகப் பார்த்து வெட்டிப் பிரிக்க வேண்டும். போன வாரம் தையல்காரருடைய பிலிம் அவன் கையில் அறுந்துவிட்டது. அதையும் ஒட்டிவிட்டு, "அக்கா, நடுவுல ஒரு ஒட்டு இருக்கு, அதை வெட்டிடாதே" என்று உள்ளேயிருந்து கத்தினான். அவளும் "சரிடா" என்றாள். அப்போது பார்த்துப் போன் அடித்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு வெட்டினாள். ஏதோ ஒரு ஒட்டை விட வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றது. விட வேண்டியதை வெட்டி, வெட்ட வேண்டியதை விட்டுவிட்டாள் மகராசி.

"பிலிம் தீரலை சார்," என்றாள் தையல்காரரிடம். "தப்பு என்னோடது. அந்தத் துண்டு இன்னொருத்தர் படத்தோட போயிடுச்சு. வாங்கித் தர்றேன்."

கேட்டுக்கொண்டிருந்த தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அவரே தீர்ந்துடுச்சுன்னு சொல்றாரு. நீயா எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கிறே? சரி, யாருக்குப் போயிருக்கு?"

"பூதக்கண்ணாடிக்கு. அவரோடதைத்தானே அடுத்து ஒட்டியிருந்தே."

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பூதக்கண்ணாடி என்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சின்ன பிலிம் சங்கத்தின் செயலாளர். மாதக் கூட்டத்தில் எந்தக் கம்பெனி யார் படத்தில் கீறல் போட்டது என்று எழுந்து நின்று வாசிப்பார். பெரிய கம்பெனிக்காரர்களே அவர் பெயரைக் கேட்டால் நெளிவார்கள்.

"அக்கா, அவரா கேட்டா பார்த்துக்கலாம். சங்கம் பூரா நம்மகிட்டதான் பிலிம் தருது. அது போனா கடையை மூட வேண்டியதுதான்."

"அவர் திட்டட்டும்டா. அந்தத் துண்டை அவர் குப்பையில போடுறதுக்கு முன்னாடி திட்டட்டும்."

சொன்னாளே தவிர, எண்ணை இரண்டு தடவை தப்பாகச் சுற்றினாள். கடை தம்பியுடையது, நாக்கு அவளுடையது. மறுமுனையில் அவர் எடுத்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

பூதக்கண்ணாடி, "ஏம்மா, அந்தப் பொண்ணு கடைசியில விழுந்துச்சா?" என்றார்.

"சார்?"

"நான் எடுத்தது குளத்து வாத்து. போட்டுப் பார்த்தா முதல்ல ஒரு பொண்ணு சைக்கிள்ல ஆடி ஆடி வருது. எங்கேருந்து வருது, யாரு பழக்குனது, ஒண்ணும் தெரியலை. திருப்பம் வர்றதுக்குள்ள வாத்து வந்துடுது. ரெண்டு நாளா மனசு கேக்கலை. உங்களைத் திட்டலாம்னுதான் இருந்தேன். துண்டை நானே கொண்டு வர்றேன், தபால்ல எல்லாம் அனுப்ப மாட்டேன்."

சனிக்கிழமை அவர் துண்டை டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். தையல்காரரும் மகளோடு வந்திருந்தார். அக்கா போன் அடிக்காமலிருக்க ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, இந்த ஒரு தடவையாவது ஒழுங்காக, இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டினாள். தம்பி சுவரில் படத்தை ஓடவிட்டான்.

அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடினார். ஒட்டு வந்ததும் படம் ஒரு தரம் தூக்கிப்போட்டது. மகள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். திருப்பம் வரைக்கும் விழவில்லை.

அந்தக் குதிப்பு அக்காவுக்கு முள்ளாகக் குத்தியது. ஓரக்கண்ணால் பார்த்தாள். பூதக்கண்ணாடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார். போச்சு, ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தாள்.

அதற்குள் மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க எப்ப கைய விட்டீங்க? எனக்குத் தெரியவே இல்லையே."

"இன்னொரு தடவை போடுங்க சார்," என்றார் தையல்காரர் தம்பியிடம். படம் ஓடியது. அவர் எழுந்து போய்ச் சுவரருகே நின்றார். "இதோ பாரு, குதிக்குதுல்ல? இங்கதான் விட்டேன்."

மகள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் பூதக்கண்ணாடி வழக்கம்போல எழுந்து நின்று ஒவ்வொரு கம்பெனியின் கீறலையும் கறையையும் வாசித்தார். அந்த ஒட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.