வால்வு பாடிக்குள் தீப மை

அப்பாவின் உயிர் பிரிந்தபோது அருகில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, நான். இல்லாதவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி, இதே திருவண்ணாமலையில் இருந்தும் அந்த நேரம் அருகில் இல்லை. "அந்தக் கார் சண்டைய இன்னும் மனசுல வெச்சினு இருக்கான்" என்று காரியத்துக்கு வந்த உறவினர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அந்தச் சந்தேகத்தை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

அப்பா அடி அண்ணாமலையில் பிறந்தவர். மழை பொய்த்த வருடங்களில் நிலத்தை விட்டு லாரி பட்டறையில் தொழில் கற்று, பிறகு செங்கம் சாலையில் சித்தப்பாவோடு சேர்ந்து சொந்தப் பட்டறை போட்டார். பள்ளிக்கூடம் மிதிக்காதவர். அவருடைய பெரிய குணம் சந்தேகம். சீல் பிரிக்காத ஆயில் டப்பாவையும் திறந்து விரலில் தொட்டுப் பார்ப்பார். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ தேறியபோது, மார்க் சீட்டை வாங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து லேத் பட்டறை பாயிடம் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் லட்டு வாங்கினார். "நம்பாம இல்லடா, செக் பண்ணேன்" என்றார்.

அவர் சோதிக்காமல் நம்பியது ஒன்றுதான். மலைமேல் கார்த்திகை தீபம் எரிந்த கொப்பரையிலிருந்து எடுக்கும் மை. வேலை முடிந்த ஒவ்வொரு இன்ஜின் மேலும் திருஷ்டிக்காக அதில் ஒரு பொட்டு வைப்பார்.

ஒருநாள் பெங்களூர்க்காரர் ஒருவர் தம் வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்தார். மிதித்தால் பந்தய வண்டியாகச் சீறுவது. கியர் தானாக மாறுவது. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது இன்ஜின் மட்டும் அலறியது, வேகம் ஏறவில்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தபோது கிளட்ச் பிளேட்டுகள் கருகியிருந்தன. சித்தப்பா சென்னைக்குப் போய்ப் புதியவை வாங்கி வந்தார். வண்டிக்காரரும் அப்பாவுக்குச் சளைத்தவரல்ல. நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்து, "வெளியில ஒரு கறை படக்கூடாது" என்றார்.

பூட்டி ஓட்டினோம். அதே அலறல். ஆயில் அழுத்தம் குறைவு என்றது, வண்டியில் செருகினால் கோளாறைக் காட்டும் என் ஸ்கேனர். அப்பா அதையும் நம்பாமல், அடித்தட்டைக் கழற்றி வால்வு பாடியைத் திறந்தார். எந்த கியருக்கு எவ்வளவு ஆயில் என்று பிரித்தனுப்பும் பாகம் அது. அதன் ஊசித் துவாரங்களைக் கறுப்புப் பிசுக்கு அடைத்திருந்தது.

"பிளேட்டு கருகி ஆயில்ல கலந்துருக்கு. பழசைப் புதுசுனு வாங்கியாந்துட்டியா? கமிஷன் எவ்ளோடா?"

"பில்லு இருக்குது, பாருண்ணா."

"பில்லு எவன் வேணா போடுவான்."

"உன் நெழலையே நிக்க வெச்சி நீ பில்லு கேப்ப. நான் போறேன்."

தெருவே பார்க்க, சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவும் நானும் பிளேட்டுகளை வெளியே எடுத்தோம். ஒன்றுகூடக் கருகவில்லை, புத்தம் புதியவை. அப்பாவின் பார்வை ஆயில் டப்பாவின் மேல் போனது. பிறகு என் மேல். அந்நேரம் அம்மா சாப்பாடு கொண்டுவந்தார். தட்டை நீட்டியவர், "ஏங்க, கோயில் பொங்கல் துன்னீங்களா? கையெல்லாம் நெய் வாசனை அடிக்குது" என்றார்.

அப்பா விரலை மோந்து பார்த்தார். கருகிய பிளேட்டில் நெய் ஏது? வெளியில் கறை கூடாது என்றதால், வண்டிக்காரர் டீ குடிக்கப் போன நேரம் பொட்டை உள்ளே, வால்வு பாடியில் வைத்து மூடியிருந்தார் அப்பா. நெய்யில் எரிந்த திரித் துணியின் கரி சூட்டில் இளகி துவாரங்களில் போய் உட்கார்ந்திருக்கிறது.

சாப்பிடாமலே சித்தப்பா வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன். "ஊர்ல எல்லாரையும் செக் பண்ணேன்டா. என்னைப் பண்ணல" என்றார்.

"பொட்டு வெக்க வேற எடமா கெடைக்கல உனக்கு?" என்று கேட்ட சித்தப்பா, மறுநாளே பட்டறைக்கு வந்துவிட்டார். சண்டை தெருவுக்கே கேட்டது. சமாதானம் யாருக்கும் கேட்கவில்லை.

சிறுநீரகம் பழுதாகி அப்பா மருத்துவமனையில் கிடந்த கடைசி நாளில், அதே கார் ஆயில் ஒழுகிக்கொண்டு பட்டறைக்கு வந்தது. பக்கத்திலேயே இருந்த சித்தப்பாவிடம், "நீ போ" என்றார் அப்பா.

"நாளைக்குப் பாத்துக்கலாம்ணா."

"போடா. இவன் ஸ்கேனர நம்புறவன். நீ பூட்டினா நான் செக் பண்ண வேணாம்."

எங்கள் எவரிடமும் அவர் சொல்லாத வார்த்தை அது. அதைக் கேட்டுக்கொண்டுதான் சித்தப்பா போனார். நான் போன் செய்தபோது அவர் வண்டிக்கு அடியில் இருந்தார். போன் ஆணியில் தொங்கிய சட்டைப்பையில் இருந்தது. ஆயில் கையோடு ஓடிவந்தபோது அப்பா இல்லை.

இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பட்டறையைப் பூட்டிவிட்டு உடன் நின்ற லேத் பட்டறை பாய்க்கும், தோள்கொடுத்த அடி அண்ணாமலை உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்தப்பாவுக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார்.

அன்று அந்த வண்டியில் போயிருந்தது ஆயில் குழாய் மூட்டிலிருந்த ஒரு ரப்பர் வளையம். விலை நூற்று இருபது ரூபாய்.