மூன்றாம் சுரத்தில் ஒரு மாதம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிங்கப்பூர்த் துறைமுகக் கிடங்கில் எழுத்தர். இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். ஃபேரர் பார்க் பக்கத்தில் ஓர் அறை வீடு. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய கிட்டார்.

உடன் வேலை பார்த்த, ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்து யுரேஷிய நண்பர் வாரக் கடைசியில் நடன பேண்டில் வாசிப்பவர். ஒருநாள் கேன்டீனில் சொன்னார்: மேற்கத்திய இசையின் அடிப்படை வரிசையான மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களையும் மாற்றாதே, தொடங்கி முடிக்கும் சுரத்தை மட்டும் மாற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் வரும். அதற்கு ‘மோட்’ என்று பெயராம்.

அன்று மாலையே மூன்றாவது சுரத்தில் தொடங்கினேன். தடித்த தந்தியை அதிரவிட்டு ஏறி இறங்கினேன். அந்த வரிசையின் முதல் இரண்டு சுரங்களும் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் ஏதோ ஏக்கமாக ஒலித்தது.

விரல் வலித்து நிறுத்தியதும் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண், தோளில் கைக்குழந்தை. சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

“சத்தமா இருக்காம்மா? நிறுத்திட்டேன்.”

“ஐயோ, நிறுத்தாதீங்கண்ணே! இப்பதான் கண்ண மூடினான். நீங்க நிறுத்தினதும் முழிச்சிட்டான்லா!”

மறுநாள் நான்காவது சுரத்துக்குப் போனேன். ஐந்து நிமிடத்தில் சுவரில் குத்து. “அண்ணே, நேத்து வாசிச்சது!”

ஒரு மாதம் வேறெதற்கும் வழியில்லை. வெறுமனே ஏறி இறங்கி எனக்கே அலுத்தது. இரண்டாவது சுரத்தில் கொஞ்சம் நின்று, முதலாவதில் சாய்ந்து பார்த்தேன். சிறு சிறு இசை வாக்கியங்கள் பிறந்தன.

நண்பரிடம் புலம்பினேன். “ஏழு மோடையும் ஒரே வாரத்தில் ஓடி முடிப்பவனுக்கு ஒன்றும் தெரியாது” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் பேண்டில் ஒருவருக்குக் காய்ச்சல். கல்யாண விருந்தொன்றில் அவருக்குப் பதில் வாசிக்க என்னை உட்கார வைத்தார்கள். பாட்டின் நடுவே பாடகி தண்ணீர் குடிக்க ஒதுங்க, நண்பர் பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒரே கார்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பழகிய வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். உட்காரப் போன ஒரு ஜோடி திரும்பி வந்து ஆடியது. பாடகி தண்ணீர்க் கோப்பையோடு நின்று, “இன்னும், இன்னும்” என்று சைகை காட்டினார்.

அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் அந்த பேண்டில் இருந்தேன். மற்ற மோடுகளையும் ஒன்றொன்றாகப் பிடித்தேன். கடைசி சுரத்தில் தொடங்குவது மட்டும் இன்றுவரை கைக்கு வரவில்லை.