நிறுத்தத்தில் நின்ற சிவப்பு வண்டி

இன்று மாலை ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி செல்லும் நகரப் பேருந்தில், நெற்றியில் பிளாஸ்திரியுடன் ஒருவர் ஏறினார்.

"இன்னாபா, தலையில?" என்றார் நடத்துநர்.

"வீட்ல பூரிக்கட்டை பறந்துச்சுணா. லேட்டா போனா அவளுக்குக் கோவம் ஜாஸ்தி."

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆணுக்கு அதை வேடிக்கையாகத்தான் சொல்ல வருகிறது.

என் அருகில் நின்ற பெண் சிரிக்கவில்லை. கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை. உதடு வீங்கியிருந்தது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தன் ஊர் நெருங்கியதும் நடத்துநரிடம் மெல்லச் சொன்னார்: "அண்ணா, ஸ்டாப்ல சிவப்பு வண்டி நிக்குதா பாருங்க. எங்க வீட்டுக்காரர் நின்னா நான் இறங்கல."

நடத்துநர் எட்டிப் பார்த்தார். "நிக்கிறாரும்மா."

அந்தப் பெண் இருக்கைகளுக்கு இடையே குனிந்து உட்கார்ந்துகொண்டார். பிளாஸ்திரிக்காரர் அங்கேயே இறங்கி, விசிலடித்தபடி வீட்டுக்கு நடந்தார்.

சிவப்பு பைக்கில் இருந்த கணவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். பேருந்து நகர்ந்ததும், பின்னாலேயே வந்தார்.

இந்தப் பேருந்து எல்லா நிறுத்தங்களிலும் நிற்க வேண்டும் என்று முன்பு மனுக் கொடுத்தவன் நான். "காவல் நிலையம் வரைக்கும் எங்கேயும் நிறுத்தாதீங்க" என்று கத்தியவனும் நானே.

இப்போது அந்தப் பெண் காவல் நிலையத்துக்குள் இருக்கிறார். நான் வாசலில் நின்று இதை எழுதுகிறேன். சிவப்பு வண்டி எதிர்ச்சாரியில் நிற்கிறது, இன்ஜின் அணைக்கப்படவில்லை.

இடையில் இறங்க முடியாதவர்கள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். பேருந்து விதி அறிந்த நண்பர்களும் திட்டலாம்; இங்கிருந்து நகர்வதாக எனக்கு உத்தேசமில்லை.