திசை மாறிய அம்புக்குறி

காற்றுத் திசை காட்டும் இலவசச் செயலியொன்றை நாங்கள் நான்கு பேர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறோம். யாரும் பாவிப்பதில்லை என்றே நினைத்திருந்தேன்.

இன்று சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் மீன் வாங்கும்போது, வலை உலர்த்திய ஒருவரின் போனில் அதைக் கண்டேன்.

“சரியாக் காட்டுதா அண்ணை?”

“ஞாயிறிலயிருந்து தலைகீழாக் காட்டுது தம்பி. நாங்கள் மாத்தி விளங்கிக்கொண்டு கடலுக்குப் போறம்.”

சனிக்கிழமை அதில் திருத்தம் செய்தவன் நான்தான்.

“அறிவிச்சிருக்கலாமே?”

“யாரிட்ட? இதுக்கு ஆள் இருக்கெண்டே தெரியாது.”

வீட்டுக்கு ஓடி, பிழையைத் திருத்தி, மற்ற மூவரும் சரிபார்த்தபின் வெளியிட்டு, அவரிடம் வாங்கி வந்த எண்ணுக்கு அழைத்துச் சொன்னேன்.

“ஐயோ, புல்மோட்டைக் கரை வரைக்கும் எல்லாருக்கும் மாத்திப் பாக்கச் சொல்லிப்போட்டனே.”

இதை வாசிக்கும் உங்களுக்கு அங்கே ஆட்கள் இருந்தால் உடனே சொல்லுங்கள்: அம்புக்குறி இப்போது உண்மைதான் பேசுகிறது.